மணியை நிறுத்திவிட்டு வரும் திருடன்

திண்டுக்கல் பூட்டில் மணிப்பூட்டு என்று ஒரு வகை உண்டு. சாவியைத் திருப்பினால் உள்ளேயிருந்து மணி அடிக்கும். யாரோ பூட்டில் கை வைக்கிறார்கள் என்பது தூங்கிக்கொண்டிருக்கும் பெரியவருக்குக்கூடத் தெரிந்துவிடும். நம் ஊர்ப் பூட்டுக்கு 2019 ஆகஸ்டில் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் மாங்காய்ப் பூட்டைப் பற்றித்தான் எழுதினார்கள். எனக்கு மணிப்பூட்டின் மேல்தான் மரியாதை அதிகம். அதைச் செய்த ஆசாரி ஓர் உண்மையை ஒப்புக்கொண்டிருக்கிறார். எவ்வளவு நல்ல பூட்டுக்கும் ஒருநாள் கள்ளச்சாவி வரும்; அது வரும்போது வீட்டுக்காரருக்குக் காதில் விழ வேண்டும்.

இந்த மணிப்பூட்டு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவதற்குக் கும்பகோணத்தில் நடந்த ஒரு சம்பவம் காரணம்.

1904-ல் அங்கே தொடங்கப்பட்ட சிட்டி யூனியன் வங்கி, 2018 பிப்ரவரி 7-ம் தேதி காலை கணக்கைச் சரிபார்த்தது. வங்கியில் யாருமே போடாத மூன்று பணப் பரிமாற்றங்கள் வெளிநாட்டுக்குப் போயிருந்தன. 5 லட்சம் டாலர் நியூயார்க் வழியாகத் துபாய்க்கு. 3 லட்சம் யூரோ பிராங்க்பர்ட் வழியாகத் துருக்கிக்கு. 10 லட்சம் டாலர் சீனாவுக்கு. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 12 கோடி ரூபாய். உலக வங்கிகள் ஒன்றோடொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும் ‘ஸ்விஃப்ட்’ என்ற அமைப்புக்குள் திருடர்கள் நுழைந்திருந்தார்கள்.

நுழைந்தவர்கள் பணத்தில் கைவைத்ததோடு நிற்கவில்லை. ஸ்விஃப்டோடு இணைந்திருந்த பிரிண்டரைச் செயலிழக்க வைத்திருந்தார்கள். ஒரு பரிமாற்றம் போனால் அதற்கான ஒப்புதல் அந்த பிரிண்டரில் அச்சாகி வரும். அது வராததால், பணம் போனது உடனடியாக யாருக்கும் தெரியவில்லை. பிரிண்டர் மக்கர் பண்ணாத ஆபீஸ் எது? யாரும் அதைத் திருட்டோடு சேர்த்துப் பார்க்க மாட்டார்கள்.

இரண்டு வருடம் முன்னால், 2016 பிப்ரவரியில், வங்கதேசத்தின் மத்திய வங்கியிலும் இதேதான் நடந்தது. அங்கேயும் பிரிண்டர் நின்றது. 95 கோடி டாலருக்கு மேல் திருட முயன்றவர்கள் 8 கோடியே 10 லட்சம் டாலரை மணிலாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இலங்கையில் ஒரு அறக்கட்டளையின் பெயருக்கு அனுப்பிய 2 கோடி டாலர் வழியிலேயே மாட்டியது. ‘பவுண்டேஷன்’ என்ற சொல்லை எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தார்கள். இடையில் இருந்த ஜெர்மன் வங்கியில் அது சந்தேகத்தைக் கிளப்ப, விளக்கம் கேட்டார்கள்.

கும்பகோணத்தில் மணியாக ஒலித்தது, காலையில் கணக்கு ஒத்துப்பார்க்கும் பழைய வழக்கம். துபாய்க்குப் போன தொகை உடனே தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. துருக்கிக்குப் போனதை அங்கே நிறுத்தினார்கள். கணக்குப் பார்ப்பதை இன்னும் இரண்டு நாள் தள்ளிப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

சைபர் பாதுகாப்பு என்றதும் நம் ஊரில் பலரும் ஆன்டிவைரஸ் வாங்குவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அது பூட்டு. வாங்க வேண்டியதுதான். ஆனால், கடந்த சில வருடங்களில் நடந்த திருட்டுகளை வரிசையாகப் படித்தால் ஒன்று திரும்பத் திரும்பத் தெரிகிறது. திருடன் முதலில் மணியை நிறுத்துகிறான்.

மாலை நாலரை மணிக்கு ஒரு மெயில்

‘நம்ம ஊரில் அப்படி என்ன இருக்கிறது?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேடசந்தூர் பக்கம் நூற்பாலைகள், பேகம்பூரில் தோல் வியாபாரம், சின்னாளபட்டியில் சுங்குடி, ஒட்டன்சத்திரத்தில் கேரளாவுக்கு லாரி லாரியாகப் போகும் காய்கறி. இந்த அத்தனை தொழிலிலும் இன்று பில்லும் பணமும் மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும்தான் ஓடுகின்றன.

ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டிலிருந்து உதிரிபாகம் வாங்குகிறார்கள். சப்ளையரிடமிருந்து மாலை நாலரை மணிக்கு மெயில் வருகிறது. ‘எங்கள் வங்கிக் கணக்கில் ஆடிட் நடக்கிறது. இந்த ஒரு தவணையை மட்டும் கீழே உள்ள கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்.’ பில் நம்பர் சரி. தொகை பைசா பிசகாமல் சரி. கீழே போன வாரம் பேசிய பேச்செல்லாம் அப்படியே இருக்கிறது. கணக்காளர் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

சப்ளையரின் மெயில் முகவரியை மட்டும் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ‘மெஷின்ஸ்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் வரும் ‘எம்’ எழுத்துக்குப் பதில் ‘ஆர்’, ‘என்’ என்ற இரண்டு எழுத்துகளை நெருக்கிப் போட்டிருப்பார்கள். சிறிய எழுத்தில் படித்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். போன் திரையில் பார்த்தால் கேட்கவே வேண்டாம்.

பில் நம்பரும் பழைய பேச்சும் திருடனுக்கு எப்படிக் கிடைத்தன? இரண்டு பக்கத்தில் ஒருவருடைய மெயில் பெட்டிக்குள் அவன் பல வாரங்களாக உட்கார்ந்திருக்கிறான். எப்போதோ வந்த ஒரு போலி லிங்க்கில் யாரோ பாஸ்வேர்டைத் தட்டியிருப்பார்கள். உள்ளே வந்ததும் அவன் செய்கிற முதல் வேலைகளில் ஒன்றைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மெயில் செட்டிங்ஸில் ஒரு விதி எழுதி வைக்கிறான்: இன்ன சப்ளையரிடமிருந்து வரும் மெயிலெல்லாம் முதல் பக்கத்துக்கு வராமல் வேறொரு ஃபோல்டருக்குப் போகட்டும். உண்மையான சப்ளையர் ‘பணம் இன்னும் வரவில்லையே’ என்று நான்கு தடவை எழுதினாலும் கணக்காளர் கண்ணில் படாது. பிரிண்டரை நிறுத்தியது போலவே இதுவும்.

இந்தத் திருட்டை மடக்க அதிகச் செலவில்லை. வங்கிக் கணக்கு மாறுகிறது என்று யார் எழுதினாலும், பழைய ஃபைலில் இருக்கும் நம்பருக்குப் போன் போட்டு, பழகிய குரலிடம் கேட்ட பிறகே பணம் போக வேண்டும். மெயிலிலேயே கொடுத்திருக்கும் புதிய நம்பருக்குப் போன் போட்டால் திருடனே எடுப்பான். மெயில் பெட்டிக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட வேண்டும். மாதம் ஒருமுறை அந்தச் செட்டிங்ஸைத் திறந்து, நாம் எழுதாத விதி ஏதாவது இருக்கிறதா, நம் மெயில் வேறு யாருக்காவது தானாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

‘போன் பண்ணாதே’

முதலாளியின் படத்தை வைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் வரும் திருடனும் இதே வகைதான். 2022 செப்டம்பரில் புனேயின் சீரம் நிறுவனம் ஏமாந்தது இப்படித்தான். உலகத்துக்கே தடுப்பூசி தரும் கம்பெனி அது. தலைமைச் செயல் அதிகாரி அதார் பூனாவாலாவின் பெயரில் ஒரு இயக்குநருக்குச் செய்தி வந்தது. சில கணக்குகளுக்கு உடனே பணம் அனுப்பச் சொன்னது. 1 கோடி ரூபாய்க்கு மேல் போனது.

நம் ஊரில் வந்தால் அந்தச் செய்தி இப்படி இருக்கும்: ‘தம்பி, மீட்டிங்ல இருக்கேன். இந்த அக்கவுன்ட்டுக்கு உடனே போட்டு விடு. கால் பண்ணாத, நானே கூப்பிடுறேன்.’ அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். போன் பண்ணாதே என்பதுதான் மணியை நிறுத்தும் கை. முதலாளியின் வார்த்தைக்கு மறுவார்த்தை பேசக்கூடாது என்று பழக்கி வைத்திருக்கும் நிறுவனங்களில் இந்தத் தந்திரம் எளிதாக எடுபடும். ‘எவ்வளவு அவசரம் என்று நானே சொன்னாலும், என்னைக் கூப்பிட்டுக் கேட்காமல் பணம் அனுப்பாதே, கேட்டதற்காக ஒருநாளும் கோபப்பட மாட்டேன்’ என்று முதலாளி ஒருமுறை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும். சொன்னபடி கோபப்படாமலும் இருக்க வேண்டும்.

முதலாளிகளும் தப்புவதில்லை. லூதியானாவின் வர்த்மான் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலை நூல் தொழிலில் தெரியாதவர்கள் இல்லை. 2024-ல், தன் 82-வது வயதில், வீடியோ அழைப்பிலேயே கைது செய்துவிட்டதாக மிரட்டும் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ கும்பலிடம் 7 கோடி ரூபாய் கொடுத்தார். வீடியோவில் போலியாக ஓர் உச்ச நீதிமன்ற விசாரணையையே நடத்திக் காட்டினார்கள். விஷயத்தை யாரிடமும் சொல்லக்கூடாது என்று மிரட்டினார்கள். வீட்டில் ஒருவரிடம் வாய்திறந்து சொல்லியிருந்தால் அந்த நாடகம் அங்கேயே முடிந்திருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராதச் சலான் என்றும் வாட்ஸ்அப்பில் வரும் ‘ஏபிகே’ ஃபைல்கள் செய்வதும் இதுதான். தொட்டு நிறுவினால் போனுக்கு வரும் எஸ்எம்எஸ்களை அது படிக்கத் தொடங்கும். வங்கியின் ஓடிபி திருடனுக்குப் போகும். பணம் எடுக்கப்பட்டது என்ற செய்தியை நாம் பார்ப்பதற்குள் மறைத்துவிடவும் முடியும். கம்பெனி வங்கிக் கணக்கின் ஓடிபி வரும் போனில் வாட்ஸ்அப்பே இருக்கக்கூடாது என்று நான் நினைக்கிறேன். பழைய பட்டன் போன் போதும். பணம் எடுத்த செய்தி அந்தப் போன் தவிர இன்னொரு பங்குதாரரின் போனுக்கும், மெயிலுக்கும் வரும்படி வங்கியில் சொல்லி வைக்க வேண்டும். கம்பெனிக் கணக்குகளில் ஒருவர் பதிவு செய்ய, மற்றொருவர் ஒப்புதல் தந்தால்தான் பணம் போகும் வசதி உண்டு. கேட்டு வாங்க வேண்டும். கோயில் உண்டியலை எண்ண அதிகாரிகளும் அறங்காவலர்களும் கூடி நிற்பதைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் இரண்டு பாஸ்வேர்டையும் ஒரே கணக்காளரிடம் கொடுத்து வைத்திருக்கும் அலுவலகங்கள் எத்தனையோ.

கானாவில் போன கரண்ட்

ரான்சம்வேர் வேறு ரகம். கணினியில் உள்ள ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டு, சாவி வேண்டுமானால் பணம் கொடு என்பான். இவன் வந்தது உடனே தெரியும், திரையிலேயே எழுதிவிடுவான். ஆனால் அதற்கு முன்னால் பல நாள் சத்தமில்லாமல் உள்ளே இருந்து ஆன்டிவைரஸை நிறுத்தி, பேக்கப் எங்கே இருக்கிறது என்று தேடி அழித்திருப்பான்.

2017 மே மாதம் ‘வான்னாகிரை’ உலகத்தைக் கலக்கியபோது, அது பெரிய கம்பெனிகளோடு நிற்கவில்லை. கேரளத்தின் வயநாட்டிலும் பத்தனம்திட்டாவிலும் கிராமப் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகள் முடங்கின. திருப்பதி தேவஸ்தானத்தின் அலுவலகக் கணினிகள் சிலவும் மாட்டின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்றே கொடுத்திருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள். இப்போது விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்டின் வழக்கமான இலவச ஆதரவு முடிந்துவிட்டது. பில் போடுகிற கணினியிலும் எடைமேடைக் கணினியிலும் எந்த விண்டோஸ் ஓடுகிறது என்று இன்றைக்கே பார்த்துக்கொள்வது நல்லது.

இங்கிலாந்தில் கேஎன்பி என்ற லாரிக் கம்பெனி. 1865-ல் தொடங்கிய தொழில், சுமார் 500 லாரிகள். 2023-ல் ஓர் ஊழியரின் பலவீனமான பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே நுழைந்ததாகக் கருதப்படும் ஒரு கும்பல் எல்லாத் தரவுகளையும் பூட்டியது. சில மாதங்களில் கம்பெனி மூடப்பட்டது. ஏறக்குறைய 700 பேருக்கு வேலை போனது. 158 வருடம் ஓடிய வண்டிகள் ஒரு பாஸ்வேர்டில் நின்றன.

அதற்கு நேர்மாறாக ஒன்று. 2017 ஜூன் 27 அன்று ‘நாட்பெட்யா’ என்ற நாசகார மென்பொருள் டென்மார்க்கின் கப்பல் நிறுவனமான மர்ஸ்க்கைத் தாக்கியது. நவி மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் மர்ஸ்க் நடத்திய முனையம்கூட ஸ்தம்பித்தது. உலகம் முழுக்க அந்த நிறுவனத்தின் கணினிகளில் யார் யார் நுழையலாம் என்ற விவரத்தை வைத்திருந்த சர்வர்கள் சுமார் 150. அவை ஒன்றுக்கொன்று நகல்; ஒன்று போனால் மற்றது காப்பாற்றும் என்ற ஏற்பாடு. எல்லாமே ஒரே வலையில் இணைந்திருந்ததால் எல்லாமே அழிந்தன. ஒன்றைத் தவிர. ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அலுவலகத்தில் அந்த நேரம் கரண்ட் இல்லை. அணைந்து கிடந்ததால் அந்த ஒரு சர்வர் மட்டும் தப்பியது. அதைக் கொண்டுதான் மொத்த நிறுவனத்தையும் மறுபடி கட்டினார்கள்.

2012-ன் மின்வெட்டைப் பார்த்த நம் ஊர்க்காரர்களிடம், கரண்ட் போனதால் பிழைத்த கம்பெனி என்று சொன்னால் முதலில் நம்ப மாட்டார்கள். ஆனால் பேக்கப் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. கணினியோடு எப்போதும் செருகியே இருக்கும் ஹார்ட் டிஸ்க், திருடனுக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. டேலி கணக்கை நகலெடுத்ததும் ஒயரைப் பிடுங்கி, டிஸ்க்கைப் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும். இரண்டு டிஸ்க் வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒன்றாக மாற்றுவது இன்னும் நல்லது. ஒன்று ஆபீசில், மற்றொன்று வீட்டில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலை வேறொரு கணினியில் திறந்தும் பார்க்க வேண்டும். திறக்காத நகலை நம்பி உட்கார்ந்திருந்து, தேவைப்பட்ட அன்று அதில் ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்ட வேதனை எனக்கும் நேர்ந்திருக்கிறது. ஆறு வருடக் குறிப்புகள் போயின.

சொல்லாமல் மறைப்பது

2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் வைரஸ் என்று செய்தி பரவியது. அக்டோபர் 29 அன்று நிலையத்தின் தரப்பில், சைபர் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்று அறிக்கை வந்தது. மறுநாள் இந்திய அணுமின் கழகம், வைரஸ் இருந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. செர்ட்-இன் என்ற மத்திய அரசின் சைபர் அவசரகால அமைப்பு செப்டம்பர் 4 அன்றே தகவல் சொல்லியிருந்தது. நல்லவேளையாக, பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான இணையத்தோடு இணைந்த கணினி. உலையை இயக்கும் அமைப்பு தனியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை சைபர் தாக்குதலில் முடங்கி, சீட்டு எழுதும் வேலை முதல் ரத்தப் பரிசோதனை வரை கையால் நடந்தபோது, வலையமைப்பைச் சரியாகப் பிரிக்காததே காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. ஒரு இடத்தில் நடுச்சுவர் இருந்தது. மற்றொன்றில் இல்லை. மில்லில் மெஷின்களை இயக்கும் கணினி, அலுவலகக் கணினி, வந்தவர் போனவருக்குக் கொடுக்கும் வைஃபை மூன்றும் ஒரே ரூட்டரில் தொங்குகின்றனவா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆனால் கூடங்குளத்தில் எனக்கு வலித்தது அந்த முதல் நாள் மறுப்பு. திருடன் மணியை நிறுத்துவது ஒரு பக்கம். மணி அடித்த பிறகு நாமே அதைக் கைக்குட்டையால் பொத்துவதை என்ன சொல்ல? வெளியே தெரிந்தால் மார்க்கெட்டில் பெயர் போகும், பார்ட்டி கடன் தர மாட்டான் என்று நம் வியாபாரிகள் பயப்படுகிறார்கள். பயம் புரிகிறது. அந்தத் தயக்கத்தில் போகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு, அங்கிருந்து ஏடிஎம்முக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது.

சைபர் மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்தால், புகார் பதிவானதும் பணம் போன வங்கிக்குத் தகவல் போகும். அங்கே மிச்சமிருப்பதை முடக்குவார்கள். நகர்ந்திருந்தால் அடுத்த வங்கிக்குத் தொடர்வார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் பணம் மறுநாள் கிடைக்காது. அதன்பின் எழுத்துப்பூர்வமான புகாரை மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் கொடுக்கலாம். நிறுவனங்களுக்குச் சட்டப்படியான கடமையும் உண்டு. தாக்குதலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், கணினிப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவு வந்தது. யார் எப்போது எங்கிருந்து உள்ளே வந்தார் என்று எழுதி வைக்கும் அந்தப் பதிவேடுதான் கணினி உலகின் மணி. பல இடங்களில் அதை இயக்கியே வைப்பதில்லை.

சீக்கிரம் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2024 ஜூலையில், சிறிய வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனத்தில் ரான்சம்வேர் புகுந்தது. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் தயங்கவில்லை. அந்த நிறுவனத்தை யுபிஐ உள்ளிட்ட தன் வலையிலிருந்து துண்டித்து, ஜூலை 31 அன்று அதை வெளிப்படையாக அறிவித்தது. கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளுமாகச் சுமார் 300 வங்கிகளின் வாடிக்கையாளர்கள் அவதிப்பட்டார்கள். சோதித்த பிறகு மறுநாளே இணைப்புத் திரும்பியது. அந்த 300 வங்கிகளும் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வேலையை ஒப்படைத்த இடத்தில் ஓட்டை விழுந்தது. நம் அலுவலகங்களில் டேலி சரிசெய்ய வருகிறவர், தூரத்திலிருந்தே கணினியை இயக்க உதவும் ‘எனிடெஸ்க்’ போட்டுவிட்டு, அடுத்த முறை வசதியாக இருக்கும் என்று அதன் பாஸ்வேர்டை நிரந்தரமாக்கிவிட்டுப் போவார். அவர் அந்த வேலையை விட்டு இரண்டு வருடம் ஆன பிறகும் அந்தக் கதவு திறந்தே இருக்கும். சிசிடிவி பெட்டிக்கு வந்த அன்று இருந்த பாஸ்வேர்டே இன்றும் இருக்கும். வேலையை விட்டுப் போன கணக்காளரின் மெயில் இன்னும் உயிரோடு இருக்கும்.

திருடர்கள் நாள் பார்த்து வருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வங்கதேச வங்கியில் அவர்கள் கைவைத்தது வியாழக்கிழமை இரவு. டாக்காவில் வெள்ளியும் சனியும் விடுமுறை. அங்கே ஞாயிறு வேலைக்கு வந்தபோது நியூயார்க்கில் விடுமுறை. திங்கட்கிழமை மணிலாவில் சீனப் புத்தாண்டு. நான்கு நாள் யாரும் யாரையும் பிடிக்க முடியவில்லை.

நமக்கு அது பொங்கல். மில் அலுவலகம் பூட்டியிருக்கும், கணக்காளர் ஊருக்குப் போயிருப்பார், முதலாளி கொடைக்கானலில் டவர் கிடைக்காத இடத்தில் இருப்பார். போகிக்கு முந்தைய நாள் சாயங்காலம், ஷட்டரை இறக்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. வங்கியின் தினசரி வரம்பை நெட்பேங்கிங்கில் குறைத்து வையுங்கள். அன்றைய நகலை எடுத்து டிஸ்க்கின் ஒயரைப் பிடுங்குங்கள். தேவையில்லாத கணினிகளை அணையுங்கள். பணம் போன செய்தி வந்தால் விடுமுறையிலும் பார்க்கப்போவது யார் என்று ஒருவர் பெயரைச் சொல்லுங்கள். அவர் எடுக்காவிட்டால் அடுத்தவர் யார் என்பதையும் முடிவு செய்யுங்கள். அந்த இரண்டு போன் நம்பர்களையும் வங்கி மேலாளரின் நம்பரையும் 1930-ஐயும் ஒரு அட்டையில் பெரிதாக எழுதி, வாட்ச்மேன் அண்ணன் உட்காரும் அறையில், அவர் கண்ணாடி போடாமலே படிக்கிற உயரத்தில் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள்.